களைத்த இன்ஸ்பெக்டர், கடற்கரை ஊர்: குற்றக்கதை எழுத ஒரு முழு வழிகாட்டி

என் முதல் துப்பறியும் கதையை எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் காக்கி போட்டவர். இரண்டு நாள் கழித்துத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் கீது தம்பி. ஆனா உங்க இன்ஸ்பெக்டருக்கு டூட்டியே கெடையாதா? எப்ப பாரு, கடலையே பாத்துனு நிக்கிறாரு?"

அந்தக் கேள்வி எனக்கு ஒரு வருடம் வேலை வைத்தது. என் கதையில் மழை இருந்தது, சிகரெட் இருந்தது, பிரிந்துபோன மனைவி இருந்தாள். எஃப்.ஐ.ஆர். இல்லை, கோர்ட் இல்லை, பந்தோபஸ்து இல்லை. மனிதர் எதனால் களைத்தார் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அப்புறம் எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்துக் கற்றுக்கொண்டதைப் படிப்படியாக இங்கே வைக்கிறேன். ஆட்கள் சுற்றிப் பார்க்க வரும் கடலோர ஊர், அங்கே அலுத்துப்போன ஒரு போலீஸ்காரர், ஒரு குற்றம். இந்த மூன்றையும் வைத்து எழுத நினைப்பவர்களுக்கு உதவும்.

படி 1: ஊருக்கு ஒரு ஞாயிறும் ஒரு செவ்வாயும் போய் வாருங்கள்

கடற்கரைச் சுற்றுலா ஊர் என்றதும் எல்லோருக்கும் மாமல்லபுரம்தான் நினைவுக்கு வரும். தப்பில்லை. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சிற்பங்கள், கடற்கரைக் கோயில், பட்டறைகளில் உளிச் சத்தம், லாட்ஜுகள், மார்கழி தை மாதத்தில் வெளிநாட்டுக்காரர்கள். கதைக்கு வேண்டியதெல்லாம் அங்கே தயாராக இருக்கிறது. அதுதான் எனக்குச் சிக்கல். தயாராக இருப்பதை எடுத்துப் போட்டால் அஞ்சலட்டைப் படம்தான் வருகிறது.

நான் எங்கள் பக்கத்துக் கரையை எடுத்தேன். ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை. யாரும் இதைச் சுற்றுலாத் தலம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். நகரத்தின் எல்லா மூலையிலிருந்தும் கார் வந்து நிற்கும். வஞ்சிரம் வாங்க வந்தவரைவிட ஏலத்தை வீடியோ எடுக்க வந்தவர் அதிகம் என்று சில நாள் தோன்றும். திருவொற்றியூரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் பார்க்கலாம் என்பதால் வரிசை தெருவைத் தாண்டும். எண்ணூருக்கு ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் போய்த் தங்கினார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போது அந்த முகத்துவாரத்தில் நின்றால் தெரிவது அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு.

ஞாயிறு போனால் வந்து போகிறவர்கள் தெரிவார்கள். செவ்வாய் போனால் அங்கேயே இருப்பவர்கள் தெரிவார்கள். வலை பின்னுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், டீக்கடைக்காரர், மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா. உங்கள் குற்றம் இந்த இரண்டு கூட்டமும் உரசும் இடத்தில் நடக்கட்டும். நோட்டில் இரண்டு வரைபடம் போடுங்கள், வருகிறவர் நடக்கும் வழிக்கு ஒன்று, இருக்கிறவர் நடக்கும் வழிக்கு ஒன்று. இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே பிணத்தைப் போடலாம், செயினை அறுக்கலாம்.

கடலையும் படியுங்கள். சென்னைத் துறைமுகம் கட்டியபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. வருடத்தில் அதிக மாதம் கரையோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது, துறைமுகச் சுவர் அதை மறிக்கிறது. அதனால்தான் எங்கள் பக்கம் மணலைவிடக் கருங்கல் அதிகம், அரிப்பைத் தடுக்க நீளமாகக் கடலுக்குள் போட்ட தூண்டில் வளைவு என்ற கல்சுவர்கள். 'பொன்மணலில் கால் புதைய நடந்தான்' என்று காசிமேட்டை வைத்து எழுதினால் ஊர்க்காரன் புத்தகத்தை மூடிவிடுவான்.

படி 2: களைப்புக்குக் கணக்கு எழுதுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் கனமான பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

நம் கதைகளில் இன்ஸ்பெக்டர் களைத்திருப்பதைக் காட்ட ஒரு பாட்டில் வைக்கிறோம், அல்லது ஒரு கல்லறை. இரண்டும் சோம்பேறித்தனம். ஏட்டையாவை உட்காரவைத்து ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டேன். அவர் சொன்னதில் துக்கம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேலை.

காலையில் ரோல் கால். அப்புறம் கோர்ட்டில் ஒரு பழைய கேஸுக்கு சாட்சி சொல்லப் போனால் மதியம்வரை வராந்தா, கடைசியில் வாய்தா. ஸ்டேஷனுக்குத் திரும்பினால் மாமியார் மருமகள் மனு ஒன்று, வாடகைத் தகராறு ஒன்று. சாயங்காலம் கட்சி ஊர்வலத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ பந்தோபஸ்து. ராத்திரி ரவுண்ட்ஸ். நடுவில் மேலதிகாரி மைக்கில் கூப்பிடுவார். காவலர்களுக்கு வார ஓய்வு என்று 2021இல் அரசாணை வந்தது. ஆனாலும் பெரிய பந்தோபஸ்து வந்தால் அந்த வாரம் ஓய்வு என்ன ஆகும் என்று எந்தக் காவலர் வீட்டிலும் கேட்கலாம்.

இதற்கு மேல் சட்டத்தின் கடிகாரம் ஓடுகிறது. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ரிமாண்டிலிருந்து 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். உங்கள் இன்ஸ்பெக்டரின் மேசையில் இப்படி எத்தனை கேஸ், எதற்கு எத்தனை நாள் பாக்கி என்று நீங்கள் எண்ணி வைத்திருக்க வேண்டும். கதையில் சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 87ஆவது நாளில் இருக்கும் மனிதர் கடலைப் பார்க்கும் விதமே வேறு.

அடுத்து உடம்பு. பந்தோபஸ்தில் நின்று நின்று வீங்கிய கால், ஆறிப்போன பொட்டலச் சாப்பாடு, பிரஷர் மாத்திரையை ஜீப்பின் டேஷ்போர்டில் மறந்து வைத்து அது வெயிலில் காய்வது. என் இன்ஸ்பெக்டருக்கு நான் கடைசியில் கொடுத்தது ஈரச் சாக்ஸ். கதையில் அந்த இடம் இப்படி வருகிறது (எஸ்.எஸ்.ஐ. என்பவர் சிறப்பு சப் இன்ஸ்பெக்டர்):

'திருவொற்றியூரில் தூண்டில் வளைவின் நுனியில், இரண்டு கருங்கல்லுக்கு நடுவே சட்டை மட்டும் தெரிந்தது. ஃபைபர் படகில் வந்தவர்தான் முதலில் பார்த்திருக்கிறார். எஸ்.எஸ்.ஐ. கரையிலேயே நின்றார். "அய்யா, கல்லு வழுக்குது, நீங்க இருங்க." இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. மூன்றாவது கல்லில் ஷூவுக்குள் தண்ணீர் போனது. ராத்திரி முழுக்கத் தேர் பந்தோபஸ்தில் நின்ற கால். குனிந்து பார்த்தார். உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. முகத்தை நண்டு விட்டுவைக்கவில்லை. காலரைத் திருப்பினார். டெய்லர் கடை லேபிளில் பாதி எழுத்து இருந்தது. மாலை ஐந்தரைக்கு அந்தச் சாக்ஸைக் கழற்றும்போதுதான் அவருக்கு அது ஈரமென்று மறுபடி நினைவு வந்தது.'

'அவர் மிகவும் களைத்திருந்தார்' என்று இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 3: குற்றத்தை ஊருக்கு ஏற்றபடி வெட்டுங்கள்

சுற்றுலா ஊருக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு. சாட்சி திங்கட்கிழமை ஊருக்குப் போய்விடுவார். பறிகொடுத்தவரும் போய்விடுவார். திருடனும் சில சமயம் அதே பஸ்ஸில் போவான். மற்ற ஊரில் இன்ஸ்பெக்டர் கொலைகாரனைத் துரத்துகிறார். இங்கே முதலில் செக் அவுட் நேரத்தைத் துரத்துகிறார். கதைக்கு வேகம் வேண்டுமென்றால் துப்பாக்கியைத் தேட வேண்டாம், லாட்ஜ் ரிசப்ஷனில் தொங்கும் கடிகாரம் போதும்.

லாட்ஜில் அவருக்குக் கிடைப்பது என்ன? தங்கியவர் பெயர் எழுதிய பதிவேடு, ஆதார் நகல், கார் நம்பர். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு அனுப்பியாக வேண்டும். சிசிடிவி இருக்கும், ஆனால் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். சில வாரம் தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாது. இந்தத் தாமதத்தைக் கதையில் பயன்படுத்துங்கள். பந்தோபஸ்துக்குப் போனதால் பதிவு அழிந்தது என்றால் களைப்பும் கதையும் ஒரே முடிச்சில் விழுகின்றன.

கடலில் பிணம் என்றால் கொஞ்சம் உடற்கூறு தெரிய வேண்டும். தண்ணீரில் போன உடல் பெரும்பாலும் முதலில் மூழ்கும். உள்ளே வாயு சேர்ந்த பிறகு மேலே வரும். நம் கடலின் சூட்டுக்கு இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளலாம். உயிரோடு மூழ்கினால் மூக்கு வாயில் நுரை காணும். செத்த பிறகு போட்டிருந்தால் அந்த நுரை இருக்காது. ஆனால் நாள் கடந்து அழுகிய உடலில் இதெல்லாம் தேறாது, எனவே நுரையை மட்டும் நம்பி முடிச்சுப் போடாதீர்கள். காசிமேட்டில் விழுந்தது எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது மாதத்தைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் வடக்கே போகும், ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு தெற்கே திரும்பும். கடலுக்குப் போகிற ஒரு பெரியவரிடம் 'ஆனி மாசம் இங்க விழுந்தா எங்க ஒதுங்கும்ணா?' என்று கேளுங்கள். தேதி, காற்று, ஆழம் என்று நாலு எதிர்க்கேள்வி கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த நாலு கேள்வியையும் அப்படியே கதையில் வையுங்கள்.

எல்லையும் முக்கியம். திருவொற்றியூர் சென்னை கமிஷனரேட். அதை ஒட்டிய எண்ணூர், 2022இல் ஆவடி கமிஷனரேட் உருவானபோது அந்தப் பக்கம் போனது. பிணத்துக்கு இது தெரியாது. சென்னைப் பக்கம் விழுந்து ஆவடிப் பக்கம் ஒதுங்கும். யார் எல்லை என்ற பேச்சு நடக்கும்போது அலை வந்து வந்து போகும். எங்கே நடந்திருந்தாலும் புகாரை எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்று சட்டம் சொல்கிறது, அதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். பதிவதா வேண்டாமா என்று யோசிக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு அதிகாரியின் முழுக் குணத்தையும் காட்டிவிடலாம்.

படி 4: காகிதத்தைச் சரியாக எழுதுங்கள்

2024 ஜூலை 1 முதல் சட்டங்கள் மாறிவிட்டன. இப்போது நடக்கும் கதையில் 'முன்னூத்தி ரெண்டு' என்று எழுதினால் தப்பு. கொலை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. சந்தேக மரணத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174க்குப் பதில், அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194. வயதான ஏட்டு ஒருவர் வாய் தவறிப் பழைய நம்பரையே சொல்வதாக வைத்தால் அது தப்பாகத் தெரியாது, ஆளைக் காட்டும்.

நடைமுறை வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் வந்ததும் பெரும்பாலும் முதலில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. பிறகு எஃப்.ஐ.ஆர். சம்பவ இடத்தில் பார்த்ததை எழுதும் பார்வை மகஜர், எடுத்த பொருளுக்குக் கைப்பற்றுதல் மகஜர், அதற்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து. பிணமென்றால் பஞ்சாயத்தார் என்று கூப்பிடும் உள்ளூர் ஆட்கள் முன்னிலையில் பிரேத விசாரணை. எங்கள் பக்கமானால் போஸ்ட்மார்ட்டத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி. சோதனையையும் கைப்பற்றுவதையும் இப்போது வீடியோ எடுக்க வேண்டும். இதெல்லாம் ஸ்டேஷன் ரைட்டர் மேசை வழியாகத்தான் போகும். ரைட்டரை மறந்த போலீஸ் கதை சமையல்காரன் இல்லாத கல்யாணம் மாதிரி.

கையெழுத்து போட ஆள் தேடுவதே ஒரு காட்சி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆயிரம் பேர் பிணத்தைப் படம் எடுப்பார்கள். சாட்சிக் கையெழுத்து என்றதும் மீன் பையைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள். கடைசியில் போடுவது டீக்கடைக்காரர், ஏனென்றால் அவரால் நகர முடியாது.

இன்னொன்று, இதில்தான் பாதிக் கதைகள் கவிழ்கின்றன. கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி ஸ்டேஷனில் உட்கார்ந்து 'ஆமா சார், நான்தான்' என்று அழுவான், கதை முடியும். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியமாக நிற்காது. அவன் சொன்னதை வைத்துப் போய் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்புக்குச் சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் நிற்கும். எனவே அழுகையை விட்டுவிட்டு ரெக்கவரிக்குப் போங்கள். கருங்கல் இடுக்கில் சொருகிய செல்போன், ஐஸ் பெட்டிக்கு அடியில் வைத்த கத்தி, அடகுக்கடை ரசீது. களைத்த இன்ஸ்பெக்டருக்கு ஒப்புதல் வாக்குமூலம் ஒரு தாள்தான். அதற்கப்புறம்தான் அவருக்கு வேலை ஆரம்பம்.

படி 5: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்

காவலர் இன்ஸ்பெக்டரை 'அய்யா' என்பார், பெண் அதிகாரியை 'அம்மா' அல்லது 'மேடம்'. தலைமைக் காவலரை ஊரே 'ஏட்டையா' என்று கூப்பிடும். கரையில் இன்ஸ்பெக்டரே வயதான மீனவரிடம் 'நைனா' என்று இறங்கி வந்தால்தான் தகவல் பெயரும். அதே ஆள் லாட்ஜ் மேனேஜரிடம் 'நீங்க' என்று மரியாதையோடு ஆரம்பித்து, பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிந்திருப்பதைப் பார்த்ததும் 'நீ'க்கு இறங்குவார். அந்த ஒரு சொல் மாற்றம் அறைவதைவிடச் சத்தமாகக் கேட்கும்.

மெட்ராஸ் பாஷையை அளவாக வையுங்கள். எல்லா வாயிலும் 'இன்னாபா' போட்டால் கேலிச்சித்திரம் ஆகிவிடும். எங்கள் தெருவிலேயே பாட்டி ஒரு மாதிரி பேசுவார், ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பேத்தி வேறு மாதிரி பேசுவாள், தெலுங்கு கலந்து பேசும் வீடும் உண்டு.

படி 6: துப்பை அன்றாட வேலைக்குள் ஒளியுங்கள்

முடிவை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். நான் சுவரில் ஒரு நாட்காட்டித் தாளை ஒட்டி, யார் எந்த மணிக்கு எங்கே என்று பென்சிலால் எழுதிக்கொள்வேன். துப்பு எப்போதும் ஊரின் வழக்கத்துக்குள் இருக்கட்டும். வெளியூர்க்காரன் தடுக்கி விழுவதும் உள்ளூர்க்காரன் உடனே கண்டுபிடிப்பதும் அந்த வழக்கத்தில்தான்.

என் கதையில் நான் வைத்த துப்பு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. சந்தேகப்படும் ஆள், மே மாதம் அந்த ராத்திரி விசைப்படகில் இருந்தேன் என்கிறான். பிடிபட்டான் என்று எழுதி முடித்து, ஏட்டையாவிடம் பெருமையாகக் காட்டினேன். "தடையில ஃபைபர் போட்டு போகும் தம்பி. அவன் போட்டுனு மட்டும் சொல்லிக்கினா இன்னா பண்ணுவ?" சரிதான், தடை விசைப்படகுக்குத்தான், சின்ன ஃபைபர் படகுக்கு இல்லை. மூன்று பக்கம் கிழிந்தது. ஆனால் புதிதாக வந்தது நன்றாக இருந்தது. இன்ஸ்பெக்டர் அவனிடம் படகைப் பற்றியே கேட்கவில்லை, எத்தனை பெட்டி ஐஸ் ஏற்றினீர்கள் என்று கேட்டார். வாரக்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகின் கணக்கில் அவன் பதில் சொன்னான். விடிந்தால் கரைக்கு வரும் சின்னப் படகுக்கு அவ்வளவு ஐஸ் எதற்கு?

படி 7: வடசென்னை என்றதும் கத்தியைத் தூக்காதீர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் எனக்குக் கோபம் உண்டு. எங்கள் பக்கம் என்றால் ரவுடி, ஸ்கெட்ச், சந்தில் ஓட்டம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஊர், பாக்ஸிங்கும் கேரமும் ஃபுட்பாலும் விளையாடும் ஊர், கப்பல் மோதி எண்ணெய் கொட்டினால் வாளியோடு கடலில் இறங்கும் ஊர். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கதைக்குக் குற்றவாளி வேண்டுமென்றால் குளிரூட்டிய அறையில் கையெழுத்துப் போடும் ஒருவரையும் யோசித்துப் பாருங்கள். கழிவு எங்கே கொட்டப்பட்டது, நிலம் யார் பெயருக்கு மாறியது என்பதெல்லாம் துப்பறிய வேண்டிய விஷயம்தான். களைத்த இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கேஸில் மேலிருந்து போன் வரும். களைப்புக்கு இன்னொரு காரணம் கிடைக்கும்.

படி 8: வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள்

முடித்ததும் பதினைந்து நாள் பெட்டியில் போடுங்கள். பிறகு எடுத்து, கடல், அலை, நிலா, மழை என்ற சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பாதியை அடியுங்கள். அடித்த இடத்தில் ஒரு வேலையை வையுங்கள். அடுத்து, போலீஸ் வேலையோ கடல் வேலையோ தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். கதை எப்படி என்று கேட்காதீர்கள், எங்கே தப்பு என்று கேளுங்கள்.

ஐந்தாவது முறை திருத்தி எழுதிய என் கதையை ஏட்டையா ஒரு வாரம் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது முழுத் தாளிலும் ஒரே ஒரு பென்சில் குறிதான். பிரேத விசாரணை முடிந்து, கையெழுத்துப் போட்ட அதே கடையில் இன்ஸ்பெக்டரும் எஸ்.எஸ்.ஐ.யும் டீ குடிக்கும் இடம். ஓரத்தில் சாய்வாக எழுதியிருந்தார்: 'காசு யாரு குட்த்தா?'

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். எஸ்.எஸ்.ஐ. எழுந்து நடந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் ஈரமான பாக்கெட்டில் கையை விட்டு இருபது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தார். டீக்கடைக்காரர் வேண்டாமென்று கையை ஆட்டினார். நோட்டை கிளாசுக்கு அடியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.